படம் பிடித்தவர் யார்?

மட்டக்களப்பு வாவிக்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து தாய் ஒருவர் எழுதியிருக்கின்றார். நான்கு பக்கக் கடிதம். அவருடைய மூத்த மகன் க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானப் பிரிவில் நல்ல பெறுபேறு பெற்றிருக்கின்றான். பிள்ளை பல்கலைக்கழகம் புகுவான், குடும்பம் தலை நிமிரும் என்று அவர் எண்ணியிருக்க, அவனோ திரைப்பட ஒளிப்பதிவு கற்கப் போகின்றேன் என்று ஒற்றைக்காலில் நிற்கின்றானாம். “கலியாண வீட்டிலே படம் பிடிக்கிறவர்கள் எங்கள் ஊரிலேயே நாலு பேர் இருக்கிறார்கள், ஐயா. அதற்குப் படிப்பு எதற்கு? அப்படி அதிலே என்னதான் இருக்கிறது? நீங்கள் பிள்ளைகளோடு பழகுகிறவர். ஒரு வார்த்தை எழுதுங்கள்” என்று கடிதத்தை முடித்திருக்கின்றார்.

பிள்ளைக்குப் புத்தி சொல்லுமாறே அத்தாய் கேட்கின்றார் என்பது விளங்காமலில்லை. ஆயினும், ஒரு தொழிலை வேண்டாமென்று தடுப்பதற்கு முன்னர் அத்தொழில் யாதென அறிந்துகொள்வதே முறை. அன்றியும் அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. நம்மிற் பெரும்பாலோர் அதனைக் கேட்டதே இல்லை. குடும்பத்தோடு ஒரு படம் பார்த்துவிட்டு வீடு திரும்புகின்றோம். கதை நன்று என்கின்றார் ஒருவர். கதாநாயகியின் நடிப்பைப் புகழ்கின்றார் வேறொருவர். மகள் பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருகின்றாள். கொஞ்சம் விஷயம் தெரிந்தவர் நெறியாளரின் பெயரைச் சொல்லுவார். நாம் இரண்டரை மணி நேரமாகக் கண்ணாற் கண்டதெல்லாம் திரையில் விழுந்த ஒளியும் நிழலுமே. அவ்வொளியையும் நிழலையும் அளந்து வைத்தவர் யார் என்று கேட்பாரில்லை. அவருடைய பெயர் திரையில் வரும்போது நாம் கச்சான் கோதை உடைத்துக்கொண்டிருப்போம்.

கமராவின் பொத்தானை அழுத்துபவரே ஒளிப்பதிவாளர் என்று எண்ணுவது பிழை. பெரிய படங்களில் அவர் கமராவைத் தொடாமலே நாள் முழுவதும் வேலை செய்வதுண்டு. கமராவை இயக்குவதற்கு ஒருவர் இருப்பார். நடிகர் முன்னும் பின்னும் நடக்கையில் உருவம் மங்காதவாறு வில்லையைத் திருப்பிக்கொண்டிருப்பதற்கு இன்னொருவர். விளக்குகளை ஏற்றி இறக்க ஒரு கூட்டம். தண்டவாளமிட்டுக் கமராவைத் தள்ளுவதற்கு வேறு சிலர். இவர்கள் அனைவருக்கும் அவர் தலைவர். கதையை வாசித்து, அதன் ஒவ்வொரு காட்சியும் எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில் நிகழ்கின்றது, அதைப் பார்ப்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்பதுபோல் இருத்தல் வேண்டும் என்று நெறியாளரோடு இருந்து முடிவு செய்வார். படப்பிடிப்பு முடிந்த பின்னும் அவர் வேலை முடிவதில்லை. காட்சிக்குக் காட்சி நிறமும் ஒளியும் ஒத்து வரும்வரை கூடவே இருத்தல் வேண்டும்.

இதிலே கணக்கும் உண்டு. விஞ்ஞானம் படித்த பிள்ளை என்றபடியால் சொல்லுகின்றேன். திரைப்படம் வினாடிக்கு 24 படங்களாக ஓடுவது. ஒவ்வொரு படத்தின் மீதும் வழக்கமாக ஏறத்தாழ 48 இல் ஒரு பங்கு வினாடிக்கே ஒளி விழும். வில்லையின் துவாரத்தைப் பெரிதாகத் திறந்தால் குறைந்த வெளிச்சம் போதும். ஆனால் முகம் தெளிவாக இருக்கப் பின்னாலுள்ள சுவர் மங்கிவிடும். துவாரத்தைச் சுருக்கினால் கிட்ட உள்ளதும் எட்ட உள்ளதும் ஒருங்கே தெளியும். வெளிச்சமோ பன்மடங்கு வேண்டும். விளக்கிலிருந்து ஒருவர் இரண்டு மடங்கு தூரம் விலகினால் அவர்மீது விழும் ஒளி நாலிலொரு பங்காகிவிடுகின்றது. எனவே, வாசலிலிருந்து மேசைவரை ஒரு நடிகர் எட்டடி நடந்து வருவதென்பது நமக்கு நடை. ஒளிப்பதிவாளருக்கு ஒரு கணக்கு. முன்னாளில் 1,000 அடிப் பிலிம் சுருள் ஒன்று 11 நிமிடத்தில் ஓடித் தீர்ந்துவிடும். பிழைத்ததா சரிவந்ததா என்பது இரசாயனக் கூடத்திலிருந்து பிரதி திரும்பி வந்த பின்னரே தெரியும். அதுவரை கண்ணும் அனுபவமுமே சாட்சி.

கணக்கு மாத்திரமாயின் அதை எந்திரமே செய்துவிடும். கணக்குக்கு அப்பால் உள்ளதை விளக்க ஒருவருடைய கதையைச் சொல்லுதல் நன்று. அத்தாய்க்கு அது பல வகையிலும் பொருந்தும்.

சுப்ரதோ மித்ரா வங்காளத்தவர். 1930 ஆம் ஆண்டு பிறந்தவர். கல்லூரியிற் படிக்கும்போதே, ஒன்றில் கட்டடக்கலைஞராவது, அன்றேல் ஒளிப்பதிவாளராவது என்று தீர்மானித்துக்கொண்டார். கமரா உதவியாளர் வேலை தேடி அலைந்தார்; கிடைக்கவில்லை. விஞ்ஞானப் பட்டப்படிப்பைத் தொடர்ந்தார். அந்நாளில் ழான் ரெனுவார் என்னும் பிரெஞ்சு நெறியாளர் ‘நதி’ என்ற படத்தை எடுப்பதற்காக வங்காளத்துக்கு வந்திருந்தார். அங்கே சென்று வேலை கேட்டார் மித்ரா. இல்லையென்று அனுப்பிவிட்டனர். அதன் பின் நிகழ்ந்ததைத்தான் அத்தாய் கவனித்தல் வேண்டும். பையனின் தந்தை அவனைக் கூட்டிக்கொண்டு ரெனுவாரிடம் போனார். வேலை தர இயலாது, வேண்டுமானால் நின்று பார்த்துக்கொள்ளட்டும் என்று அனுமதி கிடைத்தது.

பையன் நின்றான், பார்த்தான், பார்த்ததை எழுதினான். எந்த விளக்கு எந்த இடத்தில், எவ்வளவு உயரத்தில் இருந்தது, நடிகர் எங்கிருந்து எங்கே நடந்தார், கமரா எப்படி நகர்ந்தது என்பவற்றையெல்லாம் குறித்துப் படமும் வரைந்தான். அப்படத்தின் ஒளிப்பதிவாளர் குளோட் ரெனுவார், நெறியாளரின் தமையன் மகன். ஒரு நாள் முன்பு எடுத்த காட்சியொன்றின் தொடர்ச்சியை எடுக்க வேண்டி வந்தபோது, விளக்குகள் முன்னர் எப்படி இருந்தன என்பதைச் சரிபார்க்க அவரே இப்பையனை அழைத்து அவனுடைய குறிப்பேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தாராம். சம்பளமில்லாமல் மூலையில் நின்ற மாணவனுக்கு இதனிலும் பெரிய சான்றிதழ் வேறென்ன வேண்டும்?

அந்தப் படப்பிடிப்பைப் பார்க்க வந்துபோனவர்களுள் விளம்பரக் கம்பனி ஒன்றிலே சித்திரக்காரராக வேலை பார்த்த சத்யஜித் ரேயும் ஒருவர். 1952 ஆம் ஆண்டு ரே ‘பதேர் பாஞ்சாலி’யைத் தொடங்கியபோது ஒளிப்பதிவாளராகத் தெரிந்தெடுத்தது மித்ராவை. வயது 21. அதுவரை அவர் சினிமாக் கமராவை இயக்கியவரல்லர். நெறியாளரும் அதற்குமுன் படம் எடுத்தவரல்லர். இன்று ஒரு வங்கி மனேஜரிடம் இந்த விபரத்தைச் சொல்லிக் கடன் கேட்டால் என்ன நடக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். அன்றும் அதுவே நடந்தது. பணமில்லாமல் படம் நின்றது, தொடங்கியது, மீண்டும் நின்றது. ரே தமது புத்தகங்களை விற்றார். மனைவியின் நகைகள் அடைவுக்குப் போயின. மேற்கு வங்க அரசாங்கத்தின் பணம் வந்த பின்னரே 1955 இல் படம் நிறைவேறியது.

முதல்நாட் படப்பிடிப்பைப் பற்றிய செய்தி சுவையானது. அக்காளும் தம்பியும் வெள்ளை நாணற் பூக்களினூடே ஓடிச்சென்று முதன்முதல் புகைவண்டியைக் காணும் காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வெண்மையான பூக்காட்டின் மேலே கரும்புகை எழும்பி நீளுகின்றது. கறுப்பு வெள்ளைப் படத்துக்கென்றே இயற்கை செய்து வைத்த காட்சி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிற் பாதியை எடுத்துவிட்டு, அடுத்த ஞாயிறு மீதியை எடுக்கச் சென்றார்கள். பூக்கள் இல்லை. இடையிலே மாடுகள் மேய்ந்துவிட்டன. மறு ஆண்டு பூக்கும்வரை காத்திருக்க நேர்ந்தது.

இதிலே நாம் சிரிப்பதற்கு மாடு இருக்கின்றது. ஒளிப்பதிவாளர் அழுவதற்கு வேறொன்று இருக்கின்றது. ஓராண்டு இடைவெளிவிட்டு எடுத்த இரண்டு துண்டுகள் திரையில் ஒரே நொடியில் அடுத்தடுத்து வரல் வேண்டும். முதற் துண்டில் வெயில் இடப்பக்கமிருந்து வந்தால் இரண்டாவதிலும் அப்படியே வரல் வேண்டும். வானத்தின் வெண்மை, நிழலின் நீளம் யாவும் ஒத்தல் வேண்டும். கதையிலே ஒரு மாலைப்பொழுது. எடுத்ததோ பல நாட்கள். அத்தனை நாட்களையும் ஒரு மாலையாக்குவது ஒளிப்பதிவாளரின் கடன். அவர் அதனைச் செம்மையாகச் செய்தாரேயானால் எவரும் அதை அறியமாட்டார்கள். சிறிது தவறினால் எல்லோரும் அறிவார்கள். சமையலில் உப்புப் போலே என்று சொல்லத் தோன்றுகின்றது.

மித்ராவின் பெயரை உலகம் நினைவில் வைத்திருப்பது அடுத்த படத்துக்காக. ‘அபராஜிதோ’ 1956 இல் வெளிவந்தது. கதையின் ஒரு பகுதி காசியிலே நிகழ்வது. காசியின் பழைய வீடுகள் நடுவே முற்றம் வைத்துக் கட்டப்பட்டவை. நம்மூர் நாற்சார் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நடுமுற்றத்துக்கு மேலே வானம் திறந்திருக்கும். விறாந்தையில் அமர்ந்து அரிசி கிள்ளும் பெண்ணின் முகத்தில் விழும் வெளிச்சம் வானத்திலிருந்து இறங்கி, சுவரிற் பட்டு, நிலத்திற் பட்டுத் தளர்ந்து வரும் வெளிச்சம். அதற்குத் திசையில்லை. அவளுடைய மூக்கின் நிழல் கன்னத்தில் விழாது. அவளுக்குப் பின்னே சுவரில் அவளுடைய நிழலுமிராது. நம் ஆச்சிமாரின் முகங்கள் அவ்வெளிச்சத்தில் எவ்வளவு சாந்தமாக இருந்தன என்பதை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

அத்தகைய வீட்டைக் கல்கத்தாவில் ஸ்ரூடியோவுக்குள்ளே கட்டுவது என்று தீர்மானமாயிற்று. மழை குறித்த அச்சமே காரணம். மித்ரா மறுத்தார். வானத்து வெளிச்சத்தை ஸ்ரூடியோவிலே செய்யமுடியாது என்பது அவருடைய வாதம். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்நாள் வழக்கப்படி ஸ்ரூடியோவில் விளக்குகளை உயரத்திலே பரணிற் கட்டி நேராக நடிகர்மீது பாய்ச்சுவார்கள். ஐந்து விளக்கென்றால் ஐந்து நிழல். நடுப்பகலில் முற்றத்தில் நிற்கும் ஒருவருக்கு ஐந்து நிழல் எங்கிருந்து வரும்? அக்காலத்துப் படங்கள் பலவற்றில் இதனை நீங்கள் காணலாம். நாம் பழகிப்போனபடியால் குற்றமாகத் தோன்றுவதில்லை. ரேயும், கலை நிர்மாணம் செய்த பன்சி சந்திரகுப்தாவும் இணங்கவில்லை. வீடு ஸ்ரூடியோவிலேயே எழுந்தது.

வாதத்தில் தோற்றவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்திருக்கலாம். மித்ரா செய்தது வேறு. அமைத்த முற்றத்தின் மேலே, வானம் இருக்கவேண்டிய இடத்தில், வெள்ளைத் துணியை விரித்துக் கட்டுவித்தார். விளக்குகளை நடிகர்மீது பாய்ச்சாமல் தலைகீழாகத் துணியை நோக்கித் திருப்பினார். ஒளி துணியிற் பட்டுச் சிதறி, மென்மையாகி, வானத்திலிருந்து இறங்குவதுபோல் கீழே இறங்கியது. நிழல்கள் மறைந்தன. இவ்வளவுதான். செலவு சில கெஜத் துணி. காசியிற் பிறந்தவர்கள்கூட அவ்வீட்டைக் காசியில் உள்ளதென்றே நம்பக்கூடியதாயிற்று. அப்படம் 1957 இல் வெனிஸ் விழாவில் தங்கச் சிங்க விருதைப் பெற்றது. சுவீடன் தேசத்து ஸ்வென் நிக்விஸ்ற், இங்மர் பேர்க்மனின் 1961 ஆம் ஆண்டுப் படமொன்றிலே இவ்வாறே தெறித்து வரும் ஒளியைக் கையாண்டபோது மேனாட்டார் அதனைப் புதுமையென வியந்தனர். கல்கத்தாவில் அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னரே துணி கட்டியாகிவிட்டது.

நாம் நோக்கவேண்டியது எவர் முந்தினர் என்பதையன்று. அவ்விளைஞர் முற்றத்து வெளிச்சத்தை முன்னரே நன்றாகப் பார்த்து வைத்திருந்தார். அதனாலேதான், ‘இது அதுவன்று’ என்று அவரால் சொல்ல முடிந்தது.

இயற்கை ஒளியை ஸ்ரூடியோவுக்குள் அப்படியே கொண்டுவந்தவரும் உண்டு. வி. கே. மூர்த்தி மைசூரைச் சேர்ந்தவர்; குரு தத்தின் ஒளிப்பதிவாளர். ‘காகஸ் கே பூல்’ (1959) படத்தில், வெறிச்சோடிய ஸ்ரூடியோவின் உயரத்திலிருந்து ஓர் ஒளித்தூண் சாய்ந்து விழ, அதனுள்ளே இருவர் நிற்கும் காட்சி இருக்கின்றது. எந்த விளக்கினாலும் அத்தகைய இணையான கதிர்க்கற்றையைத் தரமுடியவில்லை. பெரிய கண்ணாடி ஒன்றை வெளியிலே வைத்து வெயிலைப் பிடித்து, உள்ளே உயரத்தில் வைத்த மற்றொரு கண்ணாடிக்குத் திருப்பி, அங்கிருந்து கீழே விழுத்தினார். அப்படம் வசூலில் தோற்றது. குரு தத் அதன்பின் தம் பெயரில் எந்தப் படத்தையும் நெறியாள்கை செய்யவில்லை. ஒளித்தூண் மாத்திரம் நிலைத்தது. இந்தியாவின் தாதாசாகெப் பால்கே விருது முதன்முறையாக ஓர் ஒளிப்பதிவாளருக்குக் கிடைத்தது, அவர் மூர்த்தியே. அது 2008 ஆம் ஆண்டுக்கான விருது. மூர்த்தி வயலின் வாசிப்பவர் என்பதையும், மித்ரா சித்தார் வாசிப்பவர், ‘பதேர் பாஞ்சாலி’யின் பின்னணி இசையில் சில இடங்களில் ஒலிப்பது அவருடைய சித்தாரே என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லி வைக்கின்றேன். ஒளிக்கும் சுருதி உண்டோ என்னவோ.

நிலாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘மாயா பஜார்’ (1957) படத்தின் ஓடக் காட்சியில் நாம் கண்ட நிலா வெளிச்சம் நிலா தந்ததன்று. மார்க்கஸ் பார்ட்லி என்னும் ஒளிப்பதிவாளர் செய்தது. அந்நாளைய பிலிமில் உண்மையான நிலவைப் பதித்தால் இருட்டே எஞ்சும்.

நமது நாட்டிலும் இக்கதைக்கு ஒரு பக்கம் உண்டு. தொடக்ககாலச் சிங்களப் படங்கள் தென்னிந்திய ஸ்ரூடியோக்களில் எடுக்கப்பட்டவை. 1956 இல் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் ‘ரேகாவ’ படத்துக்காகக் கமராவை நாட்டுப்புறத்து வெயிலுக்குக் கொண்டுபோனபோது அதன் பின்னே நின்றவர் வில்லியம் பிளேக். 1965 இல் புதுடில்லியிலே தங்க மயில் விருது பெற்ற ‘கம்பெரலிய’வும் அவர் பதிவு செய்ததே. ஸ்ரூடியோவை முற்றாகத் தவிர்த்து, பழைய வளவு வீட்டிலே, மிகச் சில விளக்குகளோடு எடுத்த படம் அது. பீரிசை அறியாத இலங்கையர் இல்லை. பிளேக்கை அறிந்தவர் எத்தனை பேர்? நானே நாற்பது வயதுக்குப் பின்னர்தான் அப்பெயரைக் கவனித்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றேன்.

இப்படிச் சொல்லும்போது, படம் யாருடையது என்ற வினா எழாமற் போகாது. அது மித்ராவின் வாழ்விலே கசப்பான வினாவாகவே எழுந்தது. ரேயும் அவரும் சேர்ந்து பத்துப் படங்கள் செய்தனர். ‘காஞ்சன்ஜங்கா’ (1962) இருவருக்கும் முதலாவது நிறப்படம். டார்ஜிலிங்கில் வெயிலும் முகிலும் மூடுபனியும் மாறி மாறி வர, அம்மாற்றத்தையே கதையின் போக்காக்கி எடுத்தார்கள். இத்தகைய ஒற்றுமை ஒரு நெறியாளருக்கும் ஒளிப்பதிவாளருக்கும் எளிதில் வாய்ப்பதன்று. ஆனால் ‘சாருலதா’ (1964) முதற்கொண்டு ரே கமராவைத் தாமே இயக்கத் தலைப்பட்டார். நடிப்பின் நுட்பத்தைக் கமராவின் துவாரத்தினூடே பார்த்தாலன்றி முழுதும் தெரியாது என்பது அவருடைய நியாயம். நல்ல நியாயமே. எனினும் பத்தாண்டுக்கு மேலாக அத்துவாரத்தில் கண்ணை வைத்திருந்த மித்ராவுக்கு அது எவ்வாறு இருந்திருக்கும்? 1966 இல் வெளிவந்த ‘நாயக்’ படத்துடன் அவர்களுடைய கூட்டு முடிந்தது. அதன்பின் ரேயின் படங்கள் பலவற்றைச் சௌமேந்து ராய் பதிவு செய்தார். மித்ரா ஜேம்ஸ் ஐவரியின் படங்கள் சிலவற்றிலும் வேறு சிலவற்றிலும் வேலை செய்தார். எண்ணிக்கையில் அவை சொற்பம். தமக்குத் திருப்தியில்லாத வெளிச்சத்தில் எடுக்கச் சம்மதியாதவர் என்று பெயர். அப்பெயர் புகழ்ச்சியாகவும் இருக்கும். வேலை கிடையாமைக்குக் காரணமாகவும் இருக்கும்.

இருவருள் எவர் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூற நான் துணியேன். ஆனால் ஒன்று சொல்லலாம். ‘சாருலதா’வில் ஊஞ்சலாடும் பெண்ணின் முகத்தை ரேயின் கண் பின்தொடர்ந்தது, அம்முகத்தில் விழுந்த ஒளி மித்ராவினுடையது. இரண்டையும் பிரித்தெடுக்க எவராலும் இயலாது. விருது வழங்குபவர்கள் பிரித்தெடுத்தே கொடுக்கின்றார்கள்.

பின்னர் ஒரு துன்பமும் நேர்ந்தது. ரே 1992 இல் மறைந்தார். அவருடைய படங்களைப் புதுப்பிப்பதற்காக மூலச் சுருள்கள் இலண்டனுக்கு அனுப்பப்பட்டிருந்தன. 1993 யூலையில் அங்கிருந்த இரசாயனக் கூடத்தில் தீப்பிடித்தது. ‘பதேர் பாஞ்சாலி’, ‘அபராஜிதோ’ ஆகியவற்றின் மூலச் சுருள்கள் வெந்தன. கருகியும் சுருண்டும் எஞ்சியவற்றை எவரோ எறிந்துவிடாமல் அமெரிக்காவிலே ஒரு திரைப்படக் காப்பகத்திற் சேர்த்து வைத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து இத்தாலியின் பொலோஞா நகரத்து வல்லுநர்கள் அவற்றை எடுத்து ஈரமூட்டிப் பதப்படுத்தி, ஒட்டியிருந்த பசையைக் கையாலே நீக்கி, துளைகளைச் செப்பனிட்டார்கள். அவ்வேலை ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் பிடித்ததாம். ‘பதேர் பாஞ்சாலி’யில் ஏறத்தாழ 40 வீதமும், ‘அபராஜிதோ’வில் 60 வீதத்துக்கு மேலும் மூலச் சுருளிலிருந்தே மீண்டன, எஞ்சியவற்றை வேறிடங்களில் இருந்த பிரதிகள் தந்தன. 2015 மே மாதம் நியூயோர்க்கில் அவை புதுப்பொலிவோடு திரையிடப்பட்டன. மித்ரா 2001 டிசெம்பரிலேயே காலமாகிவிட்டார். தம் இறுதி ஆண்டுகளில் கல்கத்தாவில் ரேயின் பெயரால் அமைந்த திரைப்படக் கல்லூரியில் மாணவருக்கு ஒளிப்பதிவு கற்பித்துக்கொண்டிருந்தார். தாம் கட்டிய துணியின் வெளிச்சம் நெருப்பிலிருந்து திரும்பி வந்ததை அவர் காணவில்லை.

இனி அத்தாயின் கவலைக்கு வருவோம். அவர் நேராகக் கேளாமல் விட்ட கேள்வியும் எனக்குத் தெரியும்: இதிலே சோறு உண்டா? உண்மையைச் சொல்லுவதானால், மாதச் சம்பளமில்லை, ஓய்வூதியமில்லை. ஒரு படம் முடிந்தால் அடுத்தது வரும்வரை காத்திருத்தல் வேண்டும். நமது நாட்டிலே தமிழ்ப்படங்கள் சிலவே. ஆகையால் ஊரைவிட்டுப் போகவும் நேரிடலாம். பையன் நான்கு ஆண்டுகள் மற்றவருடைய கமராப் பெட்டியைச் சுமக்க ஆயத்தமா என்று கேட்டுப்பாருங்கள், அம்மா. இன்று டிஜிற்றல் கமரா வந்துவிட்டது, எடுத்ததை அந்தக் கணமே பார்க்கலாம், பிலிம் செலவில்லை. இதனால் தொழில் எளிதாயிற்று என்று பலர் நினைக்கின்றார்கள். எழுதுகோல் மலிவானதால் எல்லோரும் புலவராகிவிட்டார்களா?

அதே வேளையில், இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. உங்கள் மட்டக்களப்பிலே அமிர்தகழி என்ற ஊர் இருக்கின்றது. அங்கே 1939 இல் பிறந்து, புனித மிக்கேல் கல்லூரியிற் படித்த பாலு மகேந்திரா என்ற பையன், பாடசாலைச் சுற்றுலா சென்றபோது டேவிட் லீன் தமது ‘குவாய் நதிப் பாலம்’ படத்தை நமது மலைநாட்டிலே எடுத்துக்கொண்டிருந்ததைக் கண்டான். அன்று பிடித்த பித்து அவனை விடவில்லை. பூனா திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு கற்று, 1977 இல் ‘கோகிலா’வுக்கும், 1982 இல் ‘மூன்றாம் பிறை’க்கும் இந்தியாவின் தேசிய ஒளிப்பதிவு விருதைப் பெற்றான். ‘முள்ளும் மலரும்’ (1978) படத்தில் மலையும் பனியும் வெயிலும் அவன் கண்ணாற் கண்டவையே. ‘அவன்’ என்று எழுதுவதைப் பொறுத்தருள்க. ஊர்ப்பிள்ளை என்ற உரிமை. 2014 பெப்ரவரியில் அவர் மறைந்தபோது அவருடைய ஒளியைப் பேசாத தமிழர் இல்லை. அவரும் நெறியாளரானபடியாற்றான் பெயர் நிலைத்ததோ என்ற ஐயம் எனக்கு உண்டு.

ஆகவே, நான் பிள்ளைக்குப் புத்தி சொல்லப் போவதில்லை. ஒரு வேலை சொல்லப் போகின்றேன். பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பிப்பதை அவன் நிறுத்த வேண்டாம். அதற்கிடையில் உள்ள மாதங்களில் ஓர் அப்பியாசக் கொப்பியை எடுக்கட்டும். கமரா வேண்டாம், கைத்தொலைபேசியும் வேண்டாம். வீட்டின் விறாந்தையில் நீங்கள் வழக்கமாக அமர்ந்து மரக்கறி நறுக்கும் இடத்தைக் காலை ஆறு மணிக்கும், உச்சிப் பொழுதிலும், வாவியில் வெயில் சாயும்போதும், மழை இருட்டிலும் பார்த்து, ஒளி எங்கிருந்து வருகின்றது, எதிற் பட்டுத் திரும்புகின்றது, உங்கள் முகத்தின் எந்தப் பாதி தெளிகின்றது, எது மறைகின்றது என்பதை எழுதி, படமும் வரையட்டும். ஒரு நாளுக்கு ஒரு பக்கம். தொண்ணூறு நாட்கள். சலிப்பு வந்து பத்தாம் நாளே விட்டுவிட்டானாயின் உங்கள் கவலை தீர்ந்தது.

விடாமல் எழுதினானாயின், கொப்பி நிறைந்ததும் இப்பத்திரிகை முகவரிக்கே எனக்கு அனுப்பி வையுங்கள். பார்த்துவிட்டு எழுதுகின்றேன்.